பெடல் மிஷின், ஒட்டுப்போர்வை, மாடித் தொட்டி: கோடையில் எது மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

சித்திரை பிறந்ததும் அம்மாவின் பெடல் மிஷினைக் கூடத்து ஜன்னல் ஓரம் இழுத்துப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். வருஷம் முழுக்கச் சேர்ந்த சுங்குடிச் சேலைத் துண்டுகள், ஜாக்கெட் கட் பீஸ், நைந்த வேட்டி எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் ஒட்டுப்போர்வையாகும். வெயில் ஏறுவதற்குள் மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர், அப்புறம் மிஷின், கண் வலித்தால் கையில் எம்ப்ராய்டரி வளையம். மதுரை வெயிலில் மத்தியானம் வேறு எங்கே போக முடியும்?

ஒவ்வொரு வருஷமும் அதே கோளாறுகள்தான் வருகின்றன. ஒவ்வொரு வருஷமும் போன தடவை என்ன செய்தேன் என்று மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அலுத்துப்போய் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். கறுப்பு நிறப் பழைய மிஷின், நேர்த் தையல் மட்டும் போடும் வகை. மோட்டார் பொருத்தியிருந்தாலும் தலை அதேதான் என்பதால் இது பொருந்தும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் மூன்று வேலை: புது ஊசி மாட்டுங்கள், மேல் நூலை மொத்தமாக உருவி மறுபடி கோர்த்துவிடுங்கள், அடியில் பாபின் உட்காரும் ஷட்டிலைச் சுற்றியிருக்கும் பஞ்சையும் தூசியையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எனக்குப் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்திருக்கிறது. தீராததற்குத்தான் கீழே உள்ளவை.

## அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி கட்டிக்கொள்கிறது

மேலே பார்த்தால் தையல் ஒழுங்காகத் தெரியும். துணியைத் திருப்பினால் நூல் கொசகொசவென்று சுருண்டு கிடக்கும். கோளாறு அடியில் தெரிவதால் கை தானாக அடி நூல் சுற்றிய பாபின் பக்கம் போகும். போக விடாதீர்கள். அடியில் கூடு கட்டினால் தப்பு பெரும்பாலும் மேல் நூலில்.

முதலில்: துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலைக் கோர்த்தீர்களா? ஃபுட் இறங்கியிருக்கும்போது மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நூல் நடுவே நுழையாமல் மேலாக வழுக்கிப் போய்விடும். சோதித்துப் பார்ப்பது சுலபம். ஃபுட்டை இறக்கிவிட்டு ஊசிக்குப் பக்கத்தில் நூலை இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். தடையே இல்லாமல் சரசரவென்று வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை.

பிடிப்பு இருக்கிறது, ஆனாலும் கூடு கட்டுகிறது என்றால்: மேலும் கீழும் ஏறி இறங்கும் கம்பியின் ஓட்டையில் நூல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் இதை விட்டுவிட்டு ஊசிக்குப் போவது என் நிரந்தர வியாதி.

தையல் ஆரம்பத்தில் மட்டும் கூடு, பிறகு சரியாகிறது என்றால்: கோளாறே இல்லை. மேல் நூல், அடி நூல் இரண்டின் நுனியையும் ஃபுட்டுக்குப் பின்னால் தள்ளி, முதல் நாலைந்து தையலுக்கு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்துவிட்டாலும் இப்படி ஆகும். வீலின் மேற்பக்கம் உங்களை நோக்கித்தான் சுற்ற வேண்டும். முதல் சுற்றைக் கையால் தள்ளிவிட்டு மிதித்தால் இந்தப் பிரச்சினை வராது.

இதெல்லாம் சரி என்றால்தான் பாபின். பாபின் கேஸை வெளியே எடுத்து, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நல்ல கேஸ் அப்படியே தொங்கும். கையை ஒரு வெட்டு வெட்டினால் ஓரிரண்டு அங்குலம் இறங்கி நிற்கும். விறுவிறுவென்று தரைக்கே இறங்கினால் தளர்வு, வெட்டினாலும் அசையாவிட்டால் இறுக்கம். கேஸின் பக்கவாட்டில் இருக்கும் பொடி ஸ்க்ரூவைத் திருப்பலாம், ஆனால் கடிகார முள்ளில் ஐந்து நிமிஷம் நகரும் அளவுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். திருப்புவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்க்ரூ கழன்று மொசைக் தரையில் விழுந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். நான் ஒரு தட்டு வைத்து அதன் மேல்தான் செய்கிறேன்.

கேஸின் தகட்டு வில் தேய்ந்து நூல் பள்ளம் விழுந்திருந்தால் ஸ்க்ரூ எவ்வளவு திருப்பியும் பலனில்லை. புதுக் கேஸ் வாங்கிவிடுங்கள், பெரிய செலவில்லை. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம் இது இல்லை.

## ஒட்டுச் சேரும் இடத்தில் தையல் விட்டு விட்டு விழுகிறது

சமமான இடத்தில் அழகாகப் போகும். நாலு துண்டுகள் சந்திக்கும் மூலை வந்ததும் இரண்டு தையல் காணாமல் போகும். அந்த மூலையில் மடிப்புகளையும் நடு அடுக்கையும் அடிச் சேலையையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், பத்து அடுக்கு வரும்.

ஊசி எண் என்ன? ஜாக்கெட் தைக்கும் 14-ஐ வைத்துக்கொண்டு போர்வை தைத்தால் இப்படித்தான். ஒட்டுத்துணி, நடு அடுக்கு, அடிச் சேலை என்ற மூன்று அடுக்குக்கு 16 மாட்டுங்கள். நடுவில் பழைய ஜமக்காளம் மாதிரி தடியாக ஏதாவது வைத்திருந்தால் 18.

எண் சரி என்றால் ஊசி நேராக இருக்கிறதா? கண்ணாடி மேல் தட்டைப் பக்கம் படும்படி வைத்துக் குனிந்து பாருங்கள். கண்ணாடிக்கும் ஊசிக்கும் நடுவே தெரியும் இடைவெளி நுனி வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். நுனியை நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், கீறினால் தூக்கிப் போடுங்கள். ஒரு போர்வைக்கு இரண்டு ஊசி என்று கணக்கு வைத்துக்கொண்டால் நல்லது. கஞ்சத்தனம் பார்க்க வேண்டிய இடம் இது இல்லை.

புது ஊசியும் விடுகிறதா? மாட்டியது சரியா என்று பாருங்கள். ஊசியின் ஒரு பக்கம் தட்டை, எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து காதுக்குள் போக வேண்டும். மிஷினுக்கு மிஷின் பக்கம் மாறும், விதி மாறாது. ஊசியை மேலே முட்டும் வரை தள்ளித்தான் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் ஷட்டிலின் மூக்கு நூலைப் பிடிக்காது.

மூலையில் மட்டும் விடுகிறது என்றால் ஃபுட் சாய்ந்து ஏறுகிறது. மேட்டுக்கு முன்னால் நிறுத்துங்கள். ஊசியைத் துணிக்குள் இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, அதன் பின்பாதிக்கு அடியில் நாலாக மடித்த துணித் துண்டு ஒன்றைச் செருகுங்கள். ஃபுட் மட்டமாகிவிடும். வீலைக் கையால் சுற்றி அந்த அரை அங்குலத்தைக் கடந்துவிடுங்கள். மிதித்துக் கடக்கப் பார்த்தால் ஊசி முறியும். முறிந்த நுனி எங்கே என்று தேடி எடுக்காமல் வேலையைத் தொடராதீர்கள், போர்வைக்குள் மாட்டியிருந்தால் தூங்குகிறவர் முதுகில்தான் கிடைக்கும்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒற்றை அடுக்குக் காட்டன் துணியிலும் விடுகிறதா? ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் தப்பியிருக்கலாம். இங்கே நிறுத்துங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நான் ஒரு தடவை ஊசித் தண்டின் ஸ்க்ரூவை நானே தளர்த்திப் பார்த்தேன். வந்தவர் மிஷின் தலையைச் சாய்த்துப் பார்த்த உடனே, “யாருக்கா இதுல கை வச்சது?” என்றார். கோளாறைச் சரிசெய்ததைவிட என் வேலையைச் சரிசெய்யத்தான் அவருக்கு நேரம் பிடித்தது.

## மேல் நூல் அடிக்கடி அறுகிறது

நூலிலிருந்து தொடங்குங்கள். ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். பொசுக்கென்று அறுந்தால் நூல் மக்கிவிட்டது. தகரப் பெட்டியில் பல வருஷம் கிடந்த பாட்டி காலத்து நூல்கண்டு பார்க்க அழகாக இருக்கும், கை எம்ப்ராய்டரிக்குக்கூட ஆகாது. நூல் நல்லதென்றால் கண்டைப் பாருங்கள். கீழே நழுவிய நூல் கம்பியில் சுற்றிக்கொண்டு இழுபடும்.

அடுத்து மேல் டென்ஷன். அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். அதற்கும் அறுந்தால் கொஞ்சம் பஞ்சு எடுத்து நூல் தொடும் எல்லா இடத்திலும் தடவிக்கொண்டே வாருங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. பெரும்பாலும் ஊசித் தட்டின் ஓட்டை ஓரம்தான், எப்போதோ ஊசி குத்திய வடு. மிக நைசான உப்புத்தாளை ஈர்க்குச்சியில் சுற்றி நாலு தடவை தேய்த்தால் போய்விடும். ஷட்டில் மூக்கில் பிசிறு என்றால் நீங்கள் தேய்க்காதீர்கள். அந்த மூக்கின் கூர்மையில்தான் தையலே இருக்கிறது.

## மிஷின் இறுகிவிட்டது, மிதிக்க முடியவில்லை

பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பெடலை மட்டும் மிதித்துப் பாருங்கள்.

பெடலே கனமாக இருந்தால் கீழே பெரிய சக்கரத்தின் அச்சில் நூலும் தலைமுடியும் சுற்றியிருக்கும். பிளேடால் அறுத்து இழுத்துவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பெடல் லேசாக, தலை மட்டும் கனமாக இருந்தால் ஷட்டில் அறையைத் திறந்து பாருங்கள். கொக்கியோ திருகோ போட்ட ஒரு வளையம் இருக்கும், அதைக் கழற்றினால் ஷட்டில் கையோடு வந்துவிடும். உள்ளே அறுந்த நூல் ஒரு சுற்று மாட்டியிருந்தாலே போதும், மொத்த மிஷினும் நின்றுவிடும்.

அங்கேயும் சுத்தம் என்றால் கேட்க வேண்டிய கேள்வி: கடைசியாக என்ன எண்ணெய் போட்டீர்கள்? தேங்காய் எண்ணெய் என்றால் விடை கிடைத்துவிட்டது. எங்கள் சித்தி ஒரு தடவை அன்பு மிகுதியில் எல்லா ஓட்டையிலும் தேங்காய் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார். அடுத்த கோடையில் திறந்தால் உள்ளே வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக இறுகிக் கிடந்தது. அதைக் கரைக்க மண்ணெண்ணெய்தான். ஓட்டைகளில் சில சொட்டு விட்டு, நூல் இல்லாமல் வீலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, கரைந்து வருவதைத் துணியால் துடைத்து, மறுபடி விட வேண்டும். எனக்கு ஒரு ராத்திரி ஊறவைத்து இரண்டு நாள் ஆயிற்று. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். சுத்தமானதும் நிறமில்லாத மிஷின் எண்ணெய் போட்டு, பழைய துணியில் பத்து வரிசை தைத்தால் வழியும் எண்ணெய் அதில் போய்விடும்.

ராத்திரி ஊறியும் வீல் அசையவில்லை, அல்லது மிஷின் கீழே விழுந்த பிறகு இறுகியது என்றால் பலம் காட்ட வேண்டாம். மெக்கானிக்.

## வீல் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை

பதற வேண்டாம். பாபின் சுற்றும்போது வீலின் நடுவில் இருக்கும் குமிழைத் தளர்த்தியிருப்பீர்கள், மறுபடி இறுக்க மறந்திருப்பீர்கள். இறுக்கியும் ஊசி அசையாவிட்டால், குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது உள்ளிருக்கும் வாஷரைத் தலைகீழாகப் போட்டிருக்கலாம். அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

பெடல் மிதிபடுகிறது, மேல் வீலே சுற்றவில்லை என்றால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. கொக்கியைப் பிரித்து அரை அங்குலம் வெட்டி மறுபடி மாட்டுங்கள். ஒரேயடியாக நிறைய வெட்டாதீர்கள், இறுக்கமான பெல்ட் மிதிப்பைக் கனமாக்கிவிடும்.

## போர்வையின் அடிப்பக்கம் சுருங்கிச் சுருங்கி வருகிறது

இதுதான் எனக்கு அதிகம் கண்ணீர் வரவழைத்தது. இதில் மிஷின் பெரும்பாலும் நிரபராதி.

மூன்று அடுக்கையும் எப்படிச் சேர்த்தீர்கள்? நாலு மூலையில் குண்டூசி குத்திவிட்டுத் தைத்தால் அடிச் சேலை நகரத்தான் செய்யும். மேலே இருப்பதை ஃபுட் தள்ளும், கீழே இருப்பதை ஊசித் தட்டில் எட்டிப் பார்க்கும் பல் இழுக்கும். அடிச் சேலையைத் தரையில் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். இழுத்து விறைப்பாக்காமல் சுருக்கம் இல்லாத அளவுக்கு மட்டும். மேலே நடு அடுக்கு, அதன் மேல் ஒட்டுத்துணி. நடுவிலிருந்து வெளியே நாலு விரல் இடைவெளியில் பெரிய பெரிய இழையாகக் கையால் நூலோட்டுங்கள். அரை நாள் வேலை. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும் என்பதால் கத்திரி வெயிலில் இது ஒரு தவம். காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

நூலோட்டியும் சுருங்கினால் தைக்கும் வரிசையைப் பாருங்கள். ஓரத்தில் தொடங்கினால் மிச்சத் துணி நடுவில் சேர்ந்து மடியும். முதல் தையல் நடுவில் விழ வேண்டும். அங்கிருந்து இரண்டு பக்கமும் நகர வேண்டும்.

அதுவும் சரி என்றால் ஃபுட்டின் அழுத்தம். தலையின் இடது மேல் மூலையில், ஃபுட் தண்டுக்கு நேர் மேலே இருக்கும் திருகை ஓரிரு சுற்றுத் தளர்த்துங்கள். தையலையும் நீளமாக்கி அங்குலத்துக்கு 8 முதல் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காசு: மேல்துணியையும் பல் வைத்து நகர்த்தும் ‘வாக்கிங் ஃபுட்’ என்ற ஒன்று கிடைக்கிறது. உங்கள் மிஷினின் ஃபுட் தண்டுக்கு அது பொருந்துமா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

தைத்து முடித்து, துவைத்த பிறகுதான் சுருங்கியதா? அப்படியானால் துணிகளை முன்கூட்டியே நனைத்து உலர்த்தவில்லை. புதுக் காட்டனையும் பழைய சேலையையும் பாலியஸ்டரையும் கலந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கும். இதற்கு வைத்தியம் கிடையாது. நான் அதைப் பூனைக்குக் கொடுத்துவிட்டேன்.

## சாயம் ஒட்டிவிட்டது

வெட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது. சிவப்பு, அரக்கு, கருநீலம் எதுவானாலும் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அலசுங்கள், தண்ணீர் தெளியும் வரை. கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். என் அனுபவத்தில் வேலை செய்தது அலசல்தான். ஏழெட்டு அலசலுக்கும் தெளியாத துணியைப் போர்வையில் சேர்க்காதீர்கள். தலையணை உறையாகத் தனியே இருந்துவிட்டுப் போகட்டும்.

முடித்த போர்வையில் ஒட்டிவிட்டால் முக்கியமான ஒன்று, அதைக் காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரமாகவே பெரிய அண்டாவில் நிறையக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கடித்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். காய்ந்துபோன கறைக்கு நல்ல சலவைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், கறையோடு சேலையின் நிறமும் போகும், இழையும் நையும்.

## எம்ப்ராய்டரி: வளையத்திலிருந்து எடுத்ததும் சுருங்குகிறது, நூல் பஞ்சு பஞ்சாகிறது

சுருங்கினால், வளையத்தில் துணி தொய்வாக இருந்திருக்கும், அல்லது ஒவ்வொரு இழையையும் இறுக்கி இழுத்திருப்பீர்கள். இழையைத் துணி மேல் படுக்கவைத்தால் போதும். நூல் பிசிறினால், நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதற்கு மேல் வேண்டாம்.

கோடைக்கே உரிய தொல்லை வியர்வை. ஊசி விரலில் ஒட்டும், வழுக்கும், துணியில் நகராது. காய்ந்த சோப்புத் துண்டில் நுனியை ஒரு தடவை குத்தி எடுத்தால் ஓடும். வேலை முடிந்ததும் ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீர்கள். நாலு நாளில் துருப்புள்ளி விழுந்து, பூவுக்கு நடுவில் அது மட்டும்தான் கண்ணில் படும்.

## மாடித் தொட்டிச் செடி மத்தியானம் தொங்குகிறது

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற வரை, இரண்டு மணிக்கு எல்லாச் செடியும் தொங்கும். உடனே குடத்தைத் தூக்காதீர்கள்.

சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். முடிந்தால் பச்சை நிழல்வலை கட்டுங்கள். காலையில் வேரடியில் தேங்காய் மட்டையோ சருகோ பரப்புங்கள்.

மறுநாள் காலையிலும் தொங்கினால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே ஓடினால் மண்ணில் கலந்திருக்கும் தென்னைநார்க் கழிவு வறண்டு தண்ணீரைத் தள்ளுகிறது. தொட்டியைத் தண்ணீர் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் அரை மணி நேரம் வையுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது. அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். இந்த நிலையில் மேலும் தண்ணீர் ஊற்றியே நான் இரண்டு மல்லிச் செடிகளைக் கொன்றேன்.

தக்காளியில் பூ உதிர்கிறது என்று உரம் வாங்க ஓடாதீர்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் அது காய் பிடிக்காது. வெயில் தணிந்ததும் பிடிக்கும்.

## மிளகாய் இலை சுருள்கிறது

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். வெள்ளைக் காகிதத்தின் மேல் கொழுந்தைத் தட்டினால் இலைப்பேன் பொடிக் கோடு மாதிரி நகரும். சிலந்திப்பேன் கண்ணுக்கே படாது, பூதக்கண்ணாடி வேண்டும். இரண்டுக்கும் முதலில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சூரியன் இறங்கிய பிறகு தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம்.

அதற்கும் அடங்காமல் பக்கத்துச் செடிகளுக்கும் பரவினால், சுருண்ட கிளை ஒன்றை மூடிய பையில் போட்டு அருகிலிருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ காட்டுங்கள். புதுக் கொழுந்து எல்லாம் பொடிப் பொடியாகக் கொத்தாகி, செடி வளர்ச்சியே நின்றுவிட்டதென்றால் அது வைரஸாக இருக்கலாம், மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரத்தொட்டியில் போடாதீர்கள். காலியான தொட்டியில் நான் அரைக்கீரை விதைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிடுவேன்.